'கட்டி சார்க்' கப்பலைக் கட்டியது யார்?



இன்று நாம் பேசப்போவது ஒரு பாய்மரக் கப்பலைப் பற்றி. மில்லில் தறி ஓட்டுகிறவர்களும் வயலில் நாற்று நடுகிறவர்களும் கூடியிருக்கும் இடத்தில் கப்பலுக்கு என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். அந்தக் கப்பலின் பாய், மில் தறியில் நெய்த துணி. அது ஏற்றிய சரக்கு, மலைச்சரிவில் கொழுந்து கிள்ளியவர்களின் உழைப்பு. அது கட்டப்பட்ட கதையோ, காண்டிராக்டில் வேலை செய்து பார்த்த எவருக்கும் பழகிய கதை.

கப்பலின் பெயர் 'கட்டி சார்க்'. 1869ல் ஸ்காட்லாந்து தேசத்தில், டம்பார்ட்டன் என்ற ஊரில் கட்டியது. கட்டி சார்க் என்றால் அந்த நாட்டுப் பேச்சில் குட்டைச் சட்டை என்று அர்த்தம். கப்பலுக்கு இது என்ன பெயர் என்று சிரிக்காதீர்கள். குடியானவன் வீட்டில் பிறந்து தானும் ஏர் பிடித்த கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ், 'டாம் ஓ ஷாண்டர்' என்று ஒரு கதைப்பாட்டு எழுதினார். குடித்துவிட்டு நள்ளிரவில் குதிரையில் வீடு திரும்பும் டாம், குட்டைச் சட்டை போட்ட சூனியக்காரி ஒருத்தி ஆடுவதைப் பார்த்து, தன்னை மறந்து கத்திவிடுகிறான். அவள் துரத்துகிறாள். அவன் தப்பிவிடுகிறான், குதிரையின் வால் மட்டும் அவள் கையோடு போய்விடுகிறது. கப்பலின் முகப்பில் கையை நீட்டிக்கொண்டு நிற்கும் மரப்பதுமை அவள்தான். வேகத்துக்காகக் கட்டிய கப்பலுக்கு ஓடித் துரத்துகிறவள் பெயரை வைத்தார்கள்.

அது சரி, வேகம் எதற்கு? தேயிலைக்கு. அந்த நாளில் இங்கிலாந்து குடித்த தேயிலை பெரும்பாலும் சீனத்திலிருந்து வந்தது. சீனம் தானாக வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு வா, வா என்று அழைக்கவில்லை. அபினி வியாபாரத்துக்காகப் பிரிட்டன் நடத்திய யுத்தத்தில் தோற்றுப்போய், 1842ல் நான்கிங் ஒப்பந்தத்தின்படி ஷாங்காய் உள்ளிட்ட ஐந்து துறைமுகங்களைத் திறந்துவிட்டது. அதன் பிறகு அந்தந்த வருஷத்துப் புதுத் தேயிலையை யார் முதலில் லண்டனில் இறக்குவது என்று போட்டி. முதலில் வந்த சரக்குக்குத் தனி விலை. 1866ல் 'டேப்பிங்', 'ஏரியல்', 'செரிகா' என்ற மூன்று கப்பல்கள் 99 நாள் கடலில் ஓடி, ஒரே நாளில், ஒரே நீரேற்றத்தில் லண்டன் துறைகளை அடைந்தன. லண்டனில் குதிரைப் பந்தயம் போல இதற்கும் பணம் கட்டினார்கள். பணம் கட்டியவன் கரையில் இருந்தான். புயலில் பாய்மரத்தின் உச்சியில் ஏறியவன் வேறொருவன்.

லண்டனில் ஜான் வில்லிஸ் என்று ஒரு கப்பல் முதலாளி. எப்போதும் வெள்ளைத் தொப்பி போடுவதால் துறைமுகத்தில் அவருக்கு 'வெள்ளைத் தொப்பிக் கிழவர்' என்றே பெயர். 1868ல் அபர்டீன் நகரில் கட்டிய 'தெர்மோபிலே' என்ற கப்பல் முதல் பயணத்திலேயே மெல்போர்னுக்குப் போய்ச் சாதனை செய்தது. அதைத் தோற்கடிக்கத் தமக்கு ஒரு கப்பல் வேண்டும் என்று வில்லிஸ் முடிவு செய்தார்.

அவரிடம் ஏற்கெனவே 'தி ட்வீட்' என்று ஒரு கப்பல் இருந்தது. அதன் வேகத்தில் அவருக்கு அபார நம்பிக்கை. அந்தக் கப்பலின் பிறப்பிடம் எது தெரியுமா? நம் பம்பாய்! 1854ல் பம்பாய்க் கப்பல் துறையில், வாடியா குடும்பத்தைச் சேர்ந்த பார்சி மேஸ்திரிகளின் மேற்பார்வையில், நம் நாட்டுத் தச்சர்கள் தேக்கில் இழைத்த போர்க்கப்பல் அது. அப்போது அதன் பெயர் 'பஞ்சாப்'. அதையும் அதன் ஜோடிக் கப்பலையும் வில்லிஸ் சேர்த்து வாங்கி, ஜோடியை மட்டும் விற்று, இரண்டுக்கும் கொடுத்த பணத்தைவிட அதிகமாகவே எடுத்துவிட்டார். அதாவது ட்வீட் அவருக்குச் சும்மா கிடைத்தது. ஹெர்குலிஸ் லிண்டன் என்ற ஸ்காட்லாந்துக் கப்பல் நிபுணரை அழைத்துப்போய், உலர்துறையில் நின்ற ட்வீடைக் காட்டினார் வில்லிஸ். கப்பலின் முன்பாகத்தை நம் கடற்கரைக்காரர்கள் அணியம் என்பார்கள். ட்வீடின் அணியத்தைப் பார்த்தே கட்டி சார்க்கின் அணியத்தை வகுத்ததாகத் தெரிகிறது. பின்பாகத்தை லிண்டன் தம் யோசனைப்படி மாற்றினார். ஆக, உலகம் புகழும் இந்தக் கப்பலின் மூக்கில் பம்பாய்த் தச்சனின் கைவாசனை இருக்கிறது. ஆங்கிலேயன் தேக்குக்கு வைத்திருக்கிற சொல்லே நம் பக்கத்து மலையாளக் கரையின் தேக்குதான். போர்ச்சுகீசியன் வாய் வழியாக அங்கே போனது.

இனி காண்டிராக்டுக்கு வருவோம். 1869 பிப்ரவரி 1ந் தேதி கையெழுத்தாயிற்று. கட்டித் தரவேண்டிய கம்பெனி ஸ்காட் அண்டு லிண்டன். 1868 மே மாதம் பிறந்தது. ஒரு வயதுகூட நிரம்பவில்லை. விலை டன்னுக்கு 17 பவுன். 950 டன்னுக்கு மேல் போகக் கூடாது. பெருக்கிப் பாருங்கள்: 16,150 பவுன். ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும். வேலை நடக்க நடக்க ஏழு தவணையாகப் பணம். ஒரு நாள் தாமதித்தால் 5 பவுன் அபராதம். கப்பலோ லாயிட்ஸ் ஸ்தாபனம் தரும் முதல் தரச் சான்று பெற வேண்டும். மேற்பார்வை பார்க்க வில்லிஸின் ஆள் காப்டன் ஜார்ஜ் மூடி, தினமும் தலைமேல் நின்றார். பின்னால் கப்பலை ஓட்டப்போகிறவரும் அவரே. ஆகையால் ஒரு பலகையில் ஒரு முடிச்சு இருந்தாலும் விடமாட்டார். முதல் தரச் சாமான், முதல் தர வேலை, அடிமாட்டு விலை, குறுகிய கெடு! புதுக் கம்பெனிக்குப் பெரிய இடத்து ஆர்டர் வருகிறதென்றால் விலையைக் குறைத்தாவது பிடிக்கத்தானே பார்க்கும்?

அந்த நாட்டுச் சட்டத்தையும் இங்கே ஒரு வரி சொல்லிவிட வேண்டும். முதலாளி காண்டிராக்டை மீறினால் வழக்கு, அபராதம், பணத்தோடு தீர்ந்துவிடும். தொழிலாளி வேலை ஒப்பந்தத்தை மீறினால், சில சந்தர்ப்பங்களில் ஜெயில்! 'எஜமான் - வேலையாள் சட்டம்' என்று பெயர். 1867ல் கொஞ்சம் தளர்த்தினார்கள், 1875ல்தான் ஒழித்தார்கள். நியூகாசில் எஞ்சினியரிங் தொழிலாளர்கள் ஐந்து மாத வேலைநிறுத்தம் செய்து ஒன்பது மணி நேர வேலையை வென்றது 1871ல். நம் கப்பல் கட்டியபோது இரண்டும் நடந்திருக்கவில்லை.

சரி, கப்பலை எப்படிக் கட்டினார்கள்? முழுக்க மரத்தில் கட்டினால் நீளக் கப்பல் நடுவில் வளைந்து கொடுக்கும். மரமும் இடத்தை அடைக்கும். முழுக்க இரும்பில் கட்டினால் அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் அப்பிக்கொண்டு வேகத்தைக் கெடுக்கும். செம்புத் தகடு அடித்தால் பாசி ஒட்டாது. ஆனால் உப்புநீரில் செம்பும் இரும்பும் தொட்டுக்கொண்டால் இரும்பு அரித்துப்போகும். இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எலும்புக்கூடு இரும்பு, அதன்மேல் தோல் மரம், மரத்தின்மேல் மண்ட்ஸ் உலோகத் தகடு. அது செம்பு 60 பங்கும் துத்தநாகம் 40 பங்கும் கலந்த ஒரு பித்தளை. தகட்டுக்கும் இரும்புக்கும் நடுவே மரம் நின்று பகையைத் தீர்த்து வைக்கும். கட்டி சார்க் இந்தக் கலப்பு முறையில் கட்டியது. அடியில் அமெரிக்க எல்ம் மரப்பலகை, மேலே தேக்கு. பிரிட்டிஷ் கப்பல் துறைகளுக்கு அந்த நாளில் தேக்கு பெரும்பாலும் பர்மாவின் மௌல்மீன் துறையிலிருந்து போயிற்று. யானையும் மனிதனும் சேர்ந்து காட்டிலிருந்து ஆற்றுக்கு இழுத்த மரம்.

முதுகெலும்பான ஏரா மரத்தைக் கிடத்தியபின், விலா எலும்பு போன்ற வங்குகளை நிறுத்துவார்கள். இரும்பை உலையில் பழுக்கக் காய்ச்சி, தரையில் பதித்த துளைத்தட்டின்மேல் போட்டு, சூடு ஆறுமுன் சம்மட்டியால் வளைத்து வகுத்த கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு ரிவிட் அடிப்பு. ஒரு பையன் உலையில் ரிவிட்டைப் பழுக்கவைத்து இடுக்கியால் எடுத்துக் கொடுப்பான். ஒருவன் பின்னாலிருந்து கனத்த இரும்பால் அதை அழுத்திப் பிடிப்பான். இருவர் முன்னால் நின்று மாறி மாறிச் சுத்தியலால் அடிப்பார்கள். அத்தனையும் கைவேலை. நெசவுக் கொட்டகைச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவன் பேசுவதை வாயசைவால் புரிந்துகொள்ளும் நம் தோழர்களுக்கு இந்தச் சத்தத்தைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. 1886ல் கிளாஸ்கோ நகரத்து டாக்டர் தாமஸ் பார், பாய்லர் கட்டும் தொழிலாளர் நூறு பேரைப் பரிசோதித்தார். இதே ரிவிட் வேலைதான் அவர்களுக்கும். நூறு பேரில் ஒருவருக்குக்கூடக் காது சரியாகக் கேட்கவில்லை!

பலகைகளை ஆவியில் வேகவைத்து வளைத்து வங்குகளோடு முடுக்கியபின் கலப்பத்து வேலை. பலகைக்கும் பலகைக்கும் நடுவிலுள்ள சந்தில் கயிற்றுச் சிம்பைத் திணித்து, உளியால் இறுக்கி, மேலே கீலைக் காய்ச்சி ஊற்றுவது. சிம்பு எங்கிருந்து வந்தது? பழைய கப்பல் கயிறுகளை விரலால் பிரித்துப் பிரித்து எடுத்தது. அந்த வேலையை இங்கிலாந்தில் ஜெயில் கைதிகளிடமும், வக்கற்றவர்களை அடைத்து வைத்த ஏழை விடுதிகளின் கிழவர் கிழவிகளிடமும் கொடுத்து வாங்கினார்கள். கப்பலுக்குள் தண்ணீர் புகாமல் காத்தது அந்த விரல்கள். பாய்த்துணி ஸ்காட்லாந்தின் ஆர்ப்ரோத் ஊர் மில்லில் ஆளி நாரில் நெய்தது. அந்த மில்களில் பெண்கள் ஏராளமாக வேலை செய்தார்கள். பாய்களின் மொத்தப் பரப்பு 32,000 சதுர அடி. நம் கணக்கில் 73 சென்ட் நிலம். 73 சென்ட் துணியைக் காற்றில் விரித்துப் பாருங்கள்! அதை ஏற்றி இறக்க 11 மைல் நீளக் கயிறு.

வேலை நடந்துகொண்டிருக்கையில் லாயிட்ஸ் இன்ஸ்பெக்டர்கள் வந்து, இங்கே இன்னும் பலம் வேண்டும், அங்கே இன்னும் இரும்பு வேண்டும் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். கடலில் போகிறவன் உயிர் அதில் இருக்கிறது. ஆனால் அதனால் நாள் கழிந்தது, செலவு ஏறியது, விலையோ டன்னுக்கு 17 பவுன் என்று எழுதியது எழுதியதுதான். ஆறு மாதக் கெடு தாண்டிற்று. கடைசியில் ஸ்காட் அண்டு லிண்டன் கையில் காசில்லை. பாதிக் கப்பல் மேடைமேல் நிற்க, சுத்தியல் சத்தம் நின்றது.

தோழர்களே, கதவடைத்த மில்லின் வாசலில் நின்றவர்களுக்கு அந்த நிசப்தம் தெரியும்.

கடன்காரர்கள் கூடி யோசித்தார்கள். பாதிக் கப்பலை விற்றால் விறகு விலை. முடித்தால்தான் தவணை வரும். ஆகவே அதே ஊரில் டென்னி சகோதரர்கள் கம்பெனி வேலையை ஏற்று முடிப்பது என்று ஏற்பாடாயிற்று. முடித்துப் பார்த்தபோது, வேலை நின்றபோதிருந்த கடனைவிட அதிகக் கடன் நின்றது! வில்லிஸ் திட்டமிட்டு அந்தக் கம்பெனியைக் கவிழ்த்தார் என்று நாம் சொல்லவில்லை. அவர் கையெழுத்திட்ட காகிதம் சட்டப்படி சரியானது. நமக்குத் தோன்றுவது இவ்வளவுதான்: அத்தனை நேர்த்தியான கப்பல் அந்த விலைக்கு உண்மையில் கிடைக்காது, மிச்ச விலையை வேறு யாரோ கொடுத்தார்கள். லிண்டன் தமக்கென்று வைத்திருந்த கம்பெனியைக் கொடுத்தார். சரக்கைக் கடனாகத் தந்தவர்கள் தங்கள் பணத்தைக் கொடுத்தார்கள். சுத்தியல் பிடித்தவர்கள் எதைக் கொடுத்தார்கள் என்பதை எந்த வரவுசெலவு ஏட்டில் தேடுவது?

1869 நவம்பர் 22ந் தேதி கப்பலை நீரில் இறக்கினார்கள். டம்பார்ட்டனில் லெவன் என்ற சிறு ஆறு கிளைட் நதியில் சேருகிறது. சிறு ஆறு, பெரிய கப்பல். நீரேற்றம் பார்த்துத்தான் இறக்க முடியும். அந்த நாளில் கப்பல் இறக்குவது எப்படி என்று சொல்கிறோம். கட்டும்போது கப்பலின் பாரம் ஏரா மரத்தின் கீழுள்ள கட்டைகளில் நிற்கும். ஆற்றை நோக்கிச் சரிவாக இரண்டு மரப்பாதை போட்டு, கொழுப்பைக் காய்ச்சித் தடவி, அதன்மேல் ஒரு தொட்டிலைக் கட்டுவார்கள். இறக்கும் நாளில் தச்சர்கள் இருபுறமும் வரிசையாக நின்று, ஒரே தாளத்தில் ஆப்புகளை அடிப்பார்கள். ஆப்பு ஏற ஏற, கப்பல் மயிரிழை மயிரிழையாகத் தூக்கிக்கொடுத்துத் தொட்டிலில் உட்காரும். பிறகு அடியில் புகுந்து கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுக்க வேண்டும். தலைக்குமேல் நூற்றுக்கணக்கான டன்! கடைசி முட்டுக்கட்டையைத் தட்டியதும் கப்பல் தானே நகரும், கொழுப்பு புகையும், சங்கிலி இழுத்து வேகத்தைக் கட்டும்.

காப்டன் மூடியின் மனைவி பெயர் சூட்டி வைத்தார். 212 அடி நீளமும் 36 அடி அகலமும் உள்ள கப்பல் ஆற்றில் மிதந்தது. டென்னி துறையில் பாய்மரம் நாட்டி, டிசம்பர் 20ந் தேதி கிரீனக்கிற்கு இழுத்துப்போய்க் கயிறு கட்டினார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. கப்பலை இறக்குவதற்கு ஐந்து நாள் முன்பு, நவம்பர் 17ந் தேதி, சூயஸ் கால்வாயைத் திறந்துவிட்டார்கள்! எகிப்து நாட்டுக் குடியானவர்களைக் கட்டாய வேலைக்குப் பிடித்துவந்து மண் அள்ளவைத்துத் தொடங்கிய கால்வாய். ஆப்பிரிக்காவைச் சுற்றாமல் நீராவிக் கப்பல் சீனம் போய்வரலாம். பாய்மரக் கப்பலுக்கு அந்த வழி பயனில்லை. கால்வாயில் இழுத்துப்போகக் கூலி கொடுக்க வேண்டும், செங்கடலிலோ காற்று ஒத்துழைக்காது. எந்தத் தொழிலுக்காகக் கட்டினார்களோ, அந்தத் தொழிலின் வேரில் கப்பல் தண்ணீரைத் தொடுமுன்பே கோடரி விழுந்துவிட்டது.

1870ல் முதல் பயணத்தில் ஷாங்காயிலிருந்து 13 லட்சம் ராத்தல் தேயிலை கொண்டுவந்தது. 1872ல் தெர்மோபிலேயோடு நேருக்கு நேர் போட்டி. சுமார் 400 மைல் முந்திக்கொண்டு போகையில், ஆப்பிரிக்காவின் தென்கோடிப் பக்கத்துப் புயலில் சுக்கான் பிய்த்துக்கொண்டு போயிற்று. கப்பலில் இருந்த முதலாளியின் தம்பி, ஏதாவது துறைமுகத்தில் ஒதுக்கு என்று சண்டை பிடித்தார். காப்டன் மூடி கேட்கவில்லை. கப்பல் தச்சர் ஹென்றி ஹெண்டர்சன், உபரியாகக் கிடந்த மரங்களிலிருந்து புதுச் சுக்கான் செய்தார். ஆடுகிற மேல்தளத்தில் உலை மூட்டி இரும்பு அடித்தார்கள். டிக்கட்டில்லாமல் ஒளிந்து ஏறிய இருவர் கப்பலில் அகப்பட்டிருந்தார்கள். ஒருவன் கொல்லன், ஒருவன் தச்சன்! அவர்களும் கைகொடுத்தார்கள். துருத்தி பிடித்தவன் காப்டனின் மகன். தெர்மோபிலே வந்து ஒரு வாரம் கழித்து கட்டி சார்க் லண்டன் சேர்ந்தது. பந்தயத்தில் தோற்றது, ஆனால் அந்தப் பயணத்தில் ஜெயித்த கப்பலைவிடத் தோற்ற கப்பலைப் பற்றித்தான் இன்றுவரை பேசுகிறார்கள்.

1877க்குப் பின் அதற்குத் தேயிலைச் சரக்கு கிடைக்கவில்லை. தேயிலையே இடம் மாறிக்கொண்டிருந்தது. 1867ல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இலங்கையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதன் பின் அந்த மலைகளில் யார் போய்க் காடு வெட்டினார்கள், யார் கொழுந்து கிள்ளினார்கள் என்பது திருச்சி, மதுரை, சேலம் ஜில்லாக்காரர்களுக்குத் தெரியும். கட்டி சார்க் கிடைத்ததை ஏற்றியது. பிறகு ஆஸ்திரேலியக் கம்பளி ஏற்றி, 1885ல் சிட்னியிலிருந்து 73 நாளில் இங்கிலாந்துக் கரையை அடைந்து பெயர் வாங்கியது. 1895ல் வில்லிஸ் அதை 1,250 பவுனுக்கு ஒரு போர்ச்சுகீசியக் கம்பெனிக்கு விற்றுவிட்டார். ஹெர்குலிஸ் லிண்டன் 1900ல் காலமானார்.

1922ல் காப்டன் டௌமன் என்பவர் 3,750 பவுன் கொடுத்துக் கப்பலை மீட்டார். 1954ல் கிரீனிச் உலர்துறைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 2007 மே 21ந் தேதி தீப்பிடித்தது. செப்பனிடுவதற்காகப் பாய்மரங்களையும் பலகைகளில் ஏராளத்தையும் முன்பே கழற்றி வேறிடத்தில் வைத்திருந்ததால் அவை பிழைத்தன. 2012ல் மறுபடி திறந்தார்கள். இப்போது கப்பலைத் தரைக்குமேல் உயர்த்தி நிறுத்தியிருப்பதால், பார்க்கப் போகிறவர்கள் அதன் அடியிலேயே நடக்கலாம். உள்ளே போனால் இரும்பு வங்குகளும் அவற்றோடு முடுக்கிய பலகைகளும் வரிசையாகத் தெரியும். அவற்றில் பெரும்பகுதி 1869ல் டம்பார்ட்டனில் வைத்தவைதான்.